கடைசிக் காட்சி இன்னும் வரவில்லை

கும்மிடிப்பூண்டி,
9-12-1974

கர்த்தருக்குள் என் அன்பான கணவருக்கு, ரோசம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவ கிருபையால் எனக்கும் பிள்ளை சாராளுக்கும் உடம்பு சுகம். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள். கங்கம்மா அண்ணிக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லவும்.

நீங்கள் ஊத்துக்கோட்டையில் உங்கள் அக்கா வீட்டில் இருப்பது நேற்று சாயந்திரம்தான் எனக்குத் தெரிந்தது. சந்தைக்குப் போயிருந்த முனுசாமி, அண்ணியின் டீக்கடை பெஞ்சில் நீங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக வந்து சொன்னான். அண்ணன் கம்பெனிக்குப் போகாமல் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டான். நான்தான் அனுப்பி வைத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்ற சந்தோஷத்தில் அழுதேனா, கோபத்தில் அழுதேனா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல டிபன் கேரியரை எடுத்துக்கொண்டுதான் போனீர்கள். சாயந்திரம் எண்ணூரிலிருந்து வந்த ரயிலில் வரதன் இறங்கினான், நீங்கள் இறங்கவில்லை. அண்ணன் காலையிலேயே ரயில் ஏறவில்லையே என்று அவன் சொன்னான். மறுநாள் விடிந்ததும் தண்டவாளத்தை ஒட்டியே சிக்னல் வரைக்கும் நடந்தேன், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே. என்ன தேடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. வேலிகாத்தான் புதரில் உங்கள் காக்கிச் சட்டை மாதிரி ஒன்று தொங்கியது. கிட்டே போகிற வரைக்கும் மூச்சு விடவில்லை. கிழிந்த கோணிப்பை. அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள். ஓடிப் போவதாக இருந்தாலும் சொல்லிவிட்டு ஓடுங்கள்.

எதற்கு ஓடினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அரிசிப் பானைக்குப் பின்னால் கசக்கிப் போட்டிருந்த தாள்களை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். எல்லாமே கடைசிக் காட்சி. ஒன்றில் நாலு வரி, ஒன்றில் இரண்டு வரி, ஒன்றில் "அப்பா" என்ற ஒரே ஒரு வார்த்தை. நாடகத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது.

போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடந்தது உங்களை இன்னும் விடவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன், திரைக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுத்தபடி. அப்பா வேஷத்தில், அழுக்கு வேட்டியோடு குப்புராஜ் செத்துப் போகிற கட்டம். "மகனே, என் இதயத் தோட்டத்தில் பூத்த மலரே" என்று நான் மெதுவாகச் சொன்னேன், அவர் உரக்கச் சொன்னார். காலனி சனம் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம். பின்னாலிருந்து எவனோ ஒருத்தன், "நமக்கு ஏதுடா தோட்டம்?" என்றான். அவ்வளவுதான். பந்தல் முழுக்கச் சிரித்தது. செத்துக் கிடந்த குப்புராஜ் எழுந்து உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து ரயிலில் உங்களுக்குப் பேரே தோட்டம் என்று ஆகிவிட்டது, தோட்டம் வருது எடம் வுடு என்கிறார்கள் என்று வரதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சொன்னதில்லை.

அதற்காக இந்த வருஷம் எழுதாமல் விட முடியுமா? நோட்டீஸில் கதை வசனம் மோசஸ் என்று அச்சடித்து, கவரைப்பேட்டை வரைக்கும் ஒட்டியாகிவிட்டது. நீங்கள் எழுதிக் கொடுத்த எட்டுக் காட்சியையும் எல்லோரும் பாடம் பண்ணிவிட்டார்கள். உங்களுக்குக் காய்ச்சல், அக்கா வீட்டில் வைத்தியம் பார்க்கிறீர்கள், கடைசிக் காட்சி தபாலில் வந்துவிடும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பெனியிலும் வரதனை விட்டு அதையே சொல்லச் சொன்னேன். காகிதத்தில் பேனாவை வைக்க ஒரு ஆண் பிள்ளைக்கு என்ன பயம்? இன்றைக்கே எழுதித் தபாலில் சேருங்கள்.

சாராள் தினமும் உங்கள் செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி ரோசம்மாள்


கும்மிடிப்பூண்டி,
13-12-1974

அன்பான கணவருக்கு ரோசம்மாள் எழுதுவது. தேவன் உங்களுக்குத் தூக்கத்தைத் தரட்டும். நீங்கள் சாப்பிடுகிறீர்கள், ஆனால் தூங்குவதில்லை என்று உங்கள் கார்டின் ஓரத்தில் அண்ணி எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக அண்ணிக்கு என் நன்றி.

நீங்கள் எழுதியிருந்தது இரண்டே வரி. என்னால் முடியாது, பழைய நாடகத்தையே போடச் சொல் என்று. அந்தக் கார்டை நான் யாருக்கும் காட்டவில்லை. நாடகத்தில் நடிக்கிற பிள்ளைகள் தினமும் தபால்காரர் சைக்கிளை மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் அண்ணன் கவர் வந்ததா என்று அவரைப் பிய்த்து எடுக்கிறார்கள். கார்டு வந்த அன்றைக்கு, நல்ல வேளை, மழை. ஒருத்தரும் தெருவில் இல்லை. வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷ நாடகத்தை நீங்கள் எழுதின வரைக்கும் திரும்ப ஒரு தரம் படித்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாக இருக்கிறது. இனிமேல் நாயுடு வயலில் கால் வைக்க மாட்டேன், கம்பெனிக்குத்தான் போவேன் என்று மகன் சொல்கிற இடம். அப்பா அவனைக் கலப்பைக் கம்பால் அடித்துவிட்டு, ராத்திரி அந்தக் கம்பையே உடைத்து அடுப்பில் வைக்கிற இடம். அவன் வீட்டை விட்டுப் போகிற இடம். அதில் ஒரு தோட்டமும் இல்லை, மலரும் இல்லை. நம் ஆட்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். அஞ்சு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். அங்கே வந்ததும் உங்கள் பேனா நின்றுவிட்டது. போன வருஷம் சிரித்ததும் இந்த மாதிரி ஒரு அப்பாவும் மகனும் பேசின இடத்தில்தான். அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சங்கதி. இதை நான் யோசிக்கவே இல்லை. குப்புராஜ் நேற்று பால்வாடிக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைசிக் காட்சி கைக்கு வரவில்லை என்றால் தான் மேடை ஏறப் போவதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எய்துனது மோசஸா இருக்கலாம். அந்தச் சிரிப்பு என் மேலதான வுய்ந்துச்சி, தங்கச்சி" என்றார். அவர் வீட்டுக்காரியும் அன்றைக்குச் சிரித்தாளாம். ஒரு வருஷமாக அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் ஒருத்தர்தான் பயந்து போயிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இல்லை என்றால் அப்பா வேஷத்துக்கு ஆள் இல்லை. அப்பா இல்லாமல் இந்த நாடகமே இல்லை.

ரயிலிலும் பேச ஆரம்பித்துவிட்டார்களாம். தோட்டம் வாடிப் போச்சா என்று வரதனிடம் கேட்கிறார்களாம். நீங்கள் ஓடிப் போனது ஊருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு நீங்கள் அந்த ரயிலில் ஏற மாட்டீர்கள். ரயில் ஏறாவிட்டால் வேலை இல்லை. இப்படி ஒன்றன் பின் ஒன்றாக நினைத்து நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்து, நீங்கள் எழுதி, அது இங்கே வந்து சேர நேரம் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஜெபத்தோடு,
ரோசம்மாள்


கும்மிடிப்பூண்டி,
16-12-1974

அன்பான கணவருக்கு ரோசம்மாள் எழுதுவது. சமாதானம் உண்டாவதாக. இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கடைசிக் காட்சியை நான் எழுதினேன்.

சனிக்கிழமை மத்தியானம் பால்வாடிப் பிள்ளைகள் கோதுமை உப்புமா தின்றுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் பேனாவையும் நாலு தாளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வருஷமாக உங்கள் வசனத்தை எடுத்துக் கொடுத்தவளுக்கு ஒரு காட்சி எழுத வராதா என்று ஒரு தைரியம். முதல் வரி எழுதும் வரைக்கும்தான் அந்தத் தைரியம் இருந்தது. "மகனே, நீ சென்ற நாள் முதலாய் என் கண்கள் உறங்கவில்லை" என்று எழுதினேன். எழுதின கையோடு பின்னாலிருந்து போன வருஷத்து அந்தக் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், உண்மையாகவே. பிள்ளைகள்தான் தூங்குகின்றன. அடித்துவிட்டு வேறே எழுதினேன். அதற்கும் அந்தச் சிரிப்புக் கேட்டது. நாலு தாளும் தீர்ந்து போயிற்று. எல்லாம் தோட்டமாகவே வந்தது. மை கொட்டி, பாயில் கறை. அத்தனையையும் அடுப்பில் போட்டேன்.

உங்களைத் திட்டி எழுதின முதல் கடிதத்தில், காகிதத்தில் பேனாவை வைக்க என்ன பயம் என்று கேட்டிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டா வருஷா வருஷம் எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றீர்கள்?

அப்புறம் ஒன்று தோன்றியது. இப்போது நீங்கள் திடீரென்று வந்து பால்வாடி வாசலில் நின்றால் நான் என்ன பேசுவேன் என்று நினைத்துப் பார்த்தேன். கேட்க எவ்வளவோ சேர்த்து வைத்திருக்கிறேன். ஏன் போனீர்கள், என்னை நினைக்கவில்லையா, பிள்ளையை நினைக்கவில்லையா, தண்டவாளத்தில் நான் நடந்தது தெரியுமா என்று. ஆனால் நீங்கள் நிஜமாக வந்து நின்றால் அதில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வராது. அது எனக்குத் தெரிந்தது. அது தெரிந்த பிறகு எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது.

மகன் வாசலில் வந்து நிற்கிறான். அப்பா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். மகன் பேச வாயெடுக்கிறான், முடியவில்லை. அப்பா ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைக்கிறார். "கை கால அலம்பிக்கினு வா. சோறு ஆறிப் பூடும்" என்கிறார். அத்தோடு திரை.

நேற்று ஆராதனை முடிந்து கோயில் பின்னால் ஒத்திகை. தபாலில் வந்தது என்று சொல்லித் தாளைக் குப்புராஜ் கையில் கொடுத்தேன். கையெழுத்து என்னுடையதாக இருக்கிறதே என்று கேட்டால், உங்கள் தாள் மழையில் நனைந்துவிட்டது, பார்த்து எழுதினேன் என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. குப்புராஜ் ஒரு தரம் மனசுக்குள் படித்தார். மண்ணில் உட்கார்ந்தார். இல்லாத தட்டை நகர்த்தினார். அந்த வரியைச் சொன்னார்.

ஒரு சத்தமும் இல்லை. போன வருஷமாவது சிரித்தார்கள். இது அதுகூட இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது, கோயில் பெருக்குகிற குப்பம்மாள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "அவ்ளோதானா? அப்பால அந்தப் புள்ள துன்னுச்சா, இல்லியா?" என்று கேட்டாள். அவள் விடவில்லை. குப்புராஜ் கிட்டே போய், சொல்லு, துன்னுச்சா என்று கேட்டாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "துன்னுச்சி, துன்னுச்சி, போ" என்றார்.

அது ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் குப்புராஜ் தாளைத் திருப்பித் தரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மோசஸ் அண்ணன் இந்தத் தடவை சரியாக எழுதிவிட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போதுதான் உறைத்தது. ஒத்திகையில் இருந்தது பத்துப் பேர். கிறிஸ்துமஸ் ராத்திரி ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்கள் சிரித்தால் அந்தச் சிரிப்பு உங்கள் தலையில்தானே விழும்? நான் எழுதினதற்கு நீங்கள் இன்னொரு வருஷம் பேர் சுமப்பதா? நான் என்ன காரியம் செய்துவிட்டேன்? உடனே பதில் எழுதவும்.

தங்கள்,
ரோசம்மாள்


கும்மிடிப்பூண்டி,
24-12-1974, காலை

என் பிரியமான கணவருக்கு ரோசம்மாள் எழுதுவது. கிறிஸ்து பிறப்பின் பண்டிகை வாழ்த்து. பதில் வரவில்லை. ஆற்றில் வெள்ளம், தரைப்பாலம் முழுகிவிட்டது, தபால் வண்டி வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேற்று முதல் தண்ணீர் வடிந்து பஸ் ஓடுகிறதாம். அதனால் இதை முனுசாமி கையில் கொடுத்து அனுப்புகிறேன். இனிமேல் பாலத்தின் மேல் பழி போட எனக்கும் வழியில்லை, உங்களுக்கும் வழியில்லை.

சனிக்கிழமை சபைப் பெரியவர்களிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஓடிப் போனதை இல்லை. அது நம் வீட்டு விஷயம். கடைசிக் காட்சி நான் எழுதியது என்பதைச் சொன்னேன். புருஷன் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே, நோட்டீஸிலும் அப்படித்தானே இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னார். பொம்பளை பேரை மைக்கில் சொன்னால் பின்னால் நிற்கிறவன் சும்மா இருப்பானா என்று இன்னொருத்தர் கேட்டார். அதைத்தான் நானும் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறேன், ஐயா, ஆனாலும் என் பேரைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். போதகர்தான் சரி என்றார். நாடகம் ஆரம்பிக்கும் முன் மைக்கில் சொல்லப் போகிறார்கள். எட்டுக் காட்சி மோசஸ், ஒன்பதாவது காட்சி ரோசம்மாள் என்று. இனிமேல் அதை மாற்ற முடியாது.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். சாராள் முகம் சுளித்ததற்கு அவளை அடித்துவிட்டேன், பாவம். தண்ணீர் இழுக்கப் போனால் கிணற்றடியில் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்று ஒருத்தி, இன்னா ரோசம்மா, நீ எந்தத் தோட்டத்துலேர்ந்து பறிச்ச என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். குடத்தை இறக்கி வைத்தபோது பாதித் தண்ணீர்தான் இருந்தது. அவ்வளவு ஆடியிருக்கிறது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிப் போக நானும் இடம் பார்த்தேன். மீஞ்சூரில் அம்மா வீடு இருக்கிறதே. ரயில் கூவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்க்கிறேன். இரண்டு புடவையை எடுத்துக்கூட வைத்தேன். பிறகு, நானும் போய்விட்டால் நீங்கள் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருக்குமே என்று நினைத்தேன். புடவையைத் திரும்பக் கொடியில் போட்டேன். வேறே தைரியம் எதுவும் எனக்கு வந்துவிடவில்லை. பயம் அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நாளைக்கு நிற்க வேண்டியதுதான்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. எட்டுக் காட்சிக்கும் வசனம் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவை உங்களுடையவை, எனக்குப் பயமில்லை. ஒன்பதாவது காட்சிக்கு என்னால் முடியாது. நேற்று ஒத்திகையில் முயன்று பார்த்தேன். நான் எழுதினதை நானே சொல்லப் போனால் சத்தமே வரவில்லை. குப்புராஜுக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். ஆனால் ஆயிரம் பேரைப் பார்த்தால் அவருக்கும் மறந்து போகலாம், போன வருஷம் ஞாபகம் வந்துவிடலாம். அந்த நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாக அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒருத்தர்தான் இருக்கிறார்.

நீங்கள் மேடைக்கு வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். திரைக்குப் பின்னால் இருட்டாகத்தான் இருக்கும், உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். வெளியே சிரித்தால் சிரிக்கட்டும். என் பேரைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அதை நான் கேட்டுக்கொள்வேன். நீங்கள் இல்லாமல் அவர்கள் கைதட்டினால்தான் என்னால் தாங்க முடியாது.

அண்ணி உங்களை விட மாட்டேன் என்றால், நான் கெஞ்சியதாகச் சொல்லுங்கள். டிபன் கேரியரை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

முனுசாமி நாளைக்கு மத்தியானப் பஸ்ஸில் திரும்புகிறான், அவனோடு வந்துவிடுங்கள். அதைத் தவற விட்டால் அடுத்த பஸ். எப்போது வந்தாலும் ஒருத்தரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள், முக்கியமாக நான். கர்த்தர் உங்களை வழியில் காப்பாராக. கை கால் அலம்பத் தண்ணீர் இன்றைக்கே வாசலில் எடுத்து வைத்துவிட்டேன்.

தங்கள்,
ரோசம்மாள்